ஓடுபாதையும் ஒரு ஜீப்பும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசவேண்டும் என்பது விழாக் குழுவினர் இட்ட கட்டளை. கல்வியைப் பற்றியே பேசப்போகின்றோம். ஆனால் பள்ளிக்கூடத்து வாசலிலே தொடங்காமல், விமான நிலையத்து ஓடுபாதையிலே தொடங்கப்போகின்றோம். அருப்புக்கோட்டைச் சீமைக்கும் ஓடுபாதைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நமது மண் வானம் பார்த்த பூமி. ஆடியிலே விதைத்துவிட்டு ஐப்பசி வரையில் அண்ணாந்து பார்த்தே வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். மேகத்தைத் தேடிய கண்களுக்கு இன்று மதுரையிலே இறங்கும் விமானமும் தென்படுகின்றது. காரியாபட்டி, வலையங்குளம் வழியாக மதுரைக்குப் பேருந்திலே போகின்றவர்கள் விமான நிலையத்தின் அருகிலேதான் கடந்து போகின்றோம். நம்மில் பெரும்பாலோர் அந்தச் சுற்றுச்சுவருக்கு வெளியிலேயே நின்றுவிட்டவர்கள். இன்று சற்று நேரம் சுவருக்கு உள்ளே சென்று பார்ப்போம்.

விமான நிலையம் என்றவுடன் விமானமும் விமானியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின் அங்கே தரையிலே ஓடும் வண்டிகள் பல உண்டு. ஓடுபாதையைச் சோதிக்கும் ஜீப்பு, பறவைகளை விரட்டும் வண்டி, புல்வெட்டும் டிராக்டர், விளக்குகளைப் பழுதுபார்ப்போரின் வண்டி, தீயணைப்பு ஊர்தி ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் எதுவாயினும் ஓடுபாதைக்குள் நுழையவேண்டுமாயின், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்திருக்கும் அலுவலரின் அனுமதி வேண்டும். வானத்து விமானத்துக்கு வழி சொல்லும் அதே அலுவலர்தான் தரையில் ஓடும் ஜீப்புக்கும் வழி சொல்கின்றார். சென்னை போன்ற பெரிய நிலையங்களில் தரைக்கென்று தனி அலுவலர் உண்டு. சிறிய நிலையங்களில் ஒருவரே இரண்டு பொறுப்புகளையும் ஏற்கும் வேளைகளும் உண்டு.

அவ்வளவு ஆபத்தான இடத்துக்கு வண்டிகள் ஏன் போகவேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். போகாமல் இருந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து நேரும். 2000-ஆம் ஆண்டு சூலை 25-ஆம் நாள் பாரிஸ் நகரில் கான்கார்டு விமானம் ஒன்று மேலெழும்போது தீப்பற்றி விழுந்தது. விமானத்தில் இருந்த 109 பேரும், தரையில் இருந்த 4 பேரும் மாண்டனர். சற்றுமுன் சென்ற வேறொரு விமானத்திலிருந்து கழன்று ஓடுபாதையில் கிடந்த உலோகத் தகடு ஒன்று சக்கரத்தைக் கிழித்ததே அதன் தொடக்கம். ஆகவேதான் நாள்தோறும் பலமுறை ஒரு ஜீப்பு ஓடுபாதை நெடுகிலும் ஓடி, ஆணி கிடக்கின்றதா, கல் கிடக்கின்றதா, செத்த பறவை கிடக்கின்றதா என்று பார்த்துவருகின்றது. நூற்றுக்கணக்கான உயிர்களுக்குக் காவலாக முன்னே ஓடுவது அந்த ஜீப்புதான். எனவே வண்டியும் போகவேண்டும், விமானமும் இறங்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கலாகாது. அதற்கான ஏற்பாட்டையே இனிக் காணப்போகின்றோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறங்குகின்ற பயணியர் விமானம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றது. அஃதாவது ஒரு நொடிக்கு 70 மீட்டர். பெரிய ஓடுபாதைகளில் வண்டி காத்து நிற்கவேண்டிய கோடு, ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டர் தள்ளிப் போடப்பட்டிருக்கும். இந்தப் பக்கத்துக் கோட்டிலிருந்து அந்தப் பக்கத்துக் கோட்டுக்குச் செல்ல 180 மீட்டர் ஓடவேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஜீப்பு அதைக் கடக்க 22 நொடிகள் ஆகும். அந்த 22 நொடிகளுக்குள் விமானம் ஒன்றரைக் கிலோமீட்டர் வந்துவிடும். எழுபது டன்னுக்கு மேல் எடையுள்ள விமானம் ஒன்றை, மாட்டுவண்டியைப் போல மூக்கணாங்கயிற்றை இழுத்து நிறுத்திவிட முடியுமா? ஓட்டுநர் தம் கண்ணை மட்டும் நம்பிக் குறுக்கே போகக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அதனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. ஓடுபாதைக்குச் செல்லும் இணைப்புப் பாதையின் குறுக்கே மஞ்சள் கோடுகள் போட்டிருப்பார்கள். இரண்டு முழுக்கோடுகள், அவற்றை அடுத்து இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடுகள். முழுக்கோட்டின் பக்கம் நிற்பவர், அனுமதி பெறாமல் அதைத் தாண்டலாகாது. பக்கத்திலே சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தால் ஓடுபாதையின் எண் எழுதப்பட்டிருக்கும். மதுரையின் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 09, மறுமுனையில் 27 என்று எண். கிழக்கு நோக்கியது 09, மேற்கு நோக்கியது 27. திசைமானியின் 90 பாகையையும் 270 பாகையையும் சுருக்கிய எண்களே இவை. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த கோணங்கள்தாம்!

வண்டியின் தலையிலே சுழல்விளக்கு எரியவேண்டும். வண்டிக்குள்ளே கோபுரத்தோடு பேசும் வானொலிக் கருவி இருக்கவேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் அழைக்கும் பெயர் ஒன்று உண்டு. ஓட்டுநர் கோட்டருகே வந்து நின்று, தாம் யார், எங்கே நிற்கின்றார், எங்கே போகவேண்டும் என்ற மூன்றையும் சொல்லி அனுமதி கேட்கவேண்டும். கோபுரம் விடை சொல்லும். 'ஓடுபாதைக்கு வெளியே நில்' என்றாலும் சரி, 'ஓடுபாதையைக் கட' என்றாலும் சரி, ஓட்டுநர் அந்தச் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். 'ரோஜர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால் போதாது. அச்சொல்லுக்குக் காதில் விழுந்தது என்பது மட்டுமே பொருள். என்ன விழுந்தது என்று கோபுரத்துக்குத் தெரியவேண்டும் அல்லவா? திருப்பிச் சொன்னதைக் கோபுரத்து அலுவலர் கவனமாகக் கேட்டு, தவறு இருந்தால் உடனே திருத்தவேண்டும். திருப்பிச் சொல்வது ஓட்டுநரின் கடமை, திருப்பிச் சொன்னதைக் கேட்பது அலுவலரின் கடமை. வேலை முடிந்து ஓடுபாதையைவிட்டு வெளியேறி, கோட்டையும் தாண்டிய பின், 'வெளியேறிவிட்டேன்' என்று ஓட்டுநர் சொல்லவேண்டும். அதுவரையில் அந்த ஓடுபாதையில் எந்த விமானத்துக்கும் இடம் கிடையாது. வண்டி உள்ளே இருப்பதை மறந்துவிடாமல் இருக்க, அலுவலர் தம் மேசையின்மீது அதற்கென ஓர் அடையாளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்கின்றார். தம் நினைவாற்றலை மட்டும் நம்பியிருக்க அங்கே எவருக்கும் உரிமை இல்லை.

வானொலி பழுதுபட்டால் என்ன செய்வது? அதற்கும் வழியுண்டு. கோபுரத்திலிருந்து விளக்கொளியால் சைகை காட்டுவார்கள். விட்டுவிட்டு எரியும் பச்சை, 'கடந்து போகலாம்' என்பதாகும். நிலையாக எரியும் சிவப்பு, 'நில்' என்பதாகும். விட்டுவிட்டு எரியும் சிவப்பு, 'உடனே விலகு, விமானத்தைக் கவனி' என்பதாகும். விட்டுவிட்டு எரியும் வெள்ளை, 'விமானம் ஓடும் பகுதியைவிட்டே வெளியேறு' என்பதாகும். 

இவையெல்லாம் நமக்கு முற்றிலும் புதியவையா என்றால், இல்லை. விருதுநகரிலிருந்து மானாமதுரை செல்லும் இருப்புப்பாதை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாகவே போகின்றது. இருப்புப்பாதையும் சாலையும் குறுக்கிடும் இடத்திலே கேட்டும், கேட்கீப்பரும் இருப்பதை நாம் அறிவோம். சமிக்ஞையோடு இணைக்கப்படாத கேட்டுகளில் பழைய நடைமுறை ஒன்று உண்டு. இரயில் வருமுன் நிலைய அதிகாரி தொலைபேசியில் அழைத்து, கேட்டை அடைக்கச் சொல்வார். அடைத்தபின் கேட்கீப்பர் தம்மிடமுள்ள பட்டியலிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை நிலைய அதிகாரி பதிவேட்டிலே எழுதிக்கொண்ட பின்னரே இரயிலுக்கு வழி கிடைக்கும். 'அடைத்துவிட்டேன்' என்று வாய்ச்சொல் சொன்னால் மட்டும் போதாது, எண்ணும் வேண்டும். ஓடுபாதையில் திருப்பிச் சொல்லும் வழக்கமும் இதற்கு உடன்பிறந்ததே. சொன்னவரும் கேட்டவரும் ஒரே பொருளைத்தான் மனத்தில் கொண்டுள்ளனர் என்பதற்குச் சான்று வேண்டும் என்பதே இரண்டிற்கும் அடிப்படை.

இந்த முறை தவறிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

1984-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் விடியற்காலை, சோவியத் நாட்டின் ஓம்ஸ்க் நகரில் ஓடுபாதை ஈரமாக இருந்தது. அதை உலர்த்தும் வண்டிகள் உள்ளே செல்லத் தரைக் கட்டுப்பாட்டு அலுவலர் அனுமதி தந்தார். 'ஓடுபாதையில் ஆள் உண்டு' என்று காட்டும் விளக்கை எரியவிட மறந்தார். பின்னர் உறங்கிவிட்டார். வண்டிகளின் சுழல்விளக்குகளும் எரியவில்லை. இருளில் இறங்கிய விமானம் அவ்வண்டிகள்மீது மோதியது. 178 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் தரையில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். ஒரு மனிதரின் உறக்கம் இத்தனை பேரை அழித்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு மனிதர் உறங்கினாலும் விழித்திருக்க இன்னொரு காவல் இல்லாமற் போனதே ஆழ்ந்த காரணம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள், பெரு நாட்டின் லிமா நகரில் தீயணைப்பு வண்டிகள் எவ்வளவு விரைவில் உரிய இடத்தை அடைகின்றன என்று அளந்தறிய ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி நடக்கப்போகின்றது என்பது கோபுரத்துக்குத் தெரியும். ஆயினும் ஓடுபாதைக்குள் நுழைவதற்குத் தனி அனுமதி பெறாமலே ஒரு வண்டி உள்ளே சென்றது. அதே வேளையில் பயணியர் விமானம் ஒன்று மேலெழ ஓடிவந்தது. விமானத்தில் இருந்த 108 பேரும் உயிர் பிழைத்தனர். தீயணைப்பு வண்டியில் இருந்த வீரர்களில் இருவர் அன்றே இறந்தனர். மூன்றாமவர் சில மாதங்களுக்குப் பின் இறந்தார். கூடித் திட்டமிடாமையும், வகுக்கப்பட்ட முறைப்படி வானொலியிற் பேசாமையுமே காரணம் என்று விசாரணை கூறியது. பயிற்சிக்கு அனுமதி என்பது வேறு, ஓடுபாதைக்கு அனுமதி என்பது வேறு. இந்த இரண்டு அனுமதிகளுக்கும் இடையிலே மூன்று உயிர்கள் போயின.

நம் நாட்டிற்கு வருவோம். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் ஔரங்காபாத்திலே நடந்தது, பருத்தி விளையும் கரிசல்காட்டில் பிறந்த நமக்கு மறக்கக்கூடாத செய்தி. ஓடுபாதையின் முனையை ஒட்டிப் பீட் நகருக்குச் செல்லும் சாலை போயிற்று. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் மேலெழும் நேரத்தில் அச்சாலையிலே பருத்திப் பொதி ஏற்றிய லாரி ஒன்று சென்றுகொண்டிருந்தது. தாழ்வாக எழுந்த விமானம் லாரியின்மீது மோதி, அப்பால் மின்கம்பிகளிலும் சிக்கி வீழ்ந்தது. 118 பேரில் 55 பேர் மாண்டனர். விமானிகள் மூக்கை உயர்த்துவதில் காலந்தாழ்த்தியதும் தவறாகச் செயற்பட்டதும் ஒரு காரணம் என்றும், விமானம் எழும் நேரத்தில் அச்சாலையின் போக்குவரத்தை அன்றைய தேசிய விமான நிலைய ஆணையம் கட்டுப்படுத்தத் தவறியது மற்றொரு காரணம் என்றும் விசாரணையிலே முடிவாயிற்று. வயிற்றுப்பாட்டுக்காக லாரி ஓட்டிச் சென்றவருக்கு, தமக்கு முன்னே ஓர் ஓடுபாதை முடிகின்றது என்பதைச் சொல்ல ஒரு தடுப்புக் கட்டை இல்லை, ஒரு காவலர் இல்லை.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் பூனாவிலே, மேலெழ விரைந்துகொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்தின் விமானிகள், ஓடுபாதையில் ஒரு ஜீப்பையும் ஒரு மனிதரையும் கண்டு, உரிய வேகத்துக்கு முன்னதாகவே விமானத்தை எழுப்பினர். விமானத்தின் வால்பகுதி தரையில் உரசிச் சேதமுற்றது. எனினும் அது தில்லியிலே பத்திரமாக இறங்கிற்று. ஆகவே இது பழங்கதை என்று நாம் இருந்துவிட முடியாது.

இந்நிகழ்ச்சிகளைக் கேட்டபின், மிகவும் தெளிவாக நம் மனத்திலே எழவேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. ஓடுபாதையிலே உயிரைக் காப்பது பெரும்பாலும் சொல்தான். கோபுரத்தின் சொல்லும், ஜீப்பு ஓட்டுநரின் சொல்லும் அங்கே ஒரே எடை உடையவை. 'வெளியேறிவிட்டேன்' என்று ஓட்டுநர் சொல்லாதவரையில், முந்நூறு பேரைச் சுமந்துவரும் விமானமும் இறங்க முடியாது. அதில் மந்திரி இருந்தாலும் மேலே ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரவேண்டும். அதுபோலவே, கோபுரம் சொன்னது புரியவில்லையானால், 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்பது ஓட்டுநரின் உரிமை என்பதோடு, அவர்மேல் சுமத்தப்பட்ட கடமையும் ஆகும். கேட்காமல் ஊகித்துச் சென்றால் அதுவே குற்றம்.

பதவிக்கு அஞ்சிச் சொல் அடங்கிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகிலேயே பெரிய சான்று 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் டெனரீஃப் தீவிலே நிகழ்ந்தது. மூடுபனியிலே இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. ஒன்றின் தலைமை விமானி, மேலெழ அனுமதி கிடைக்குமுன்னரே விமானத்தைக் கிளப்பினார். அவருடைய பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். தலைமை விமானி விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். அதற்குமேல் எவரும் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் 583 பேர் மாண்டனர். அதன்பின் உலக விமானத் துறை இரண்டு பாடங்களைக் கற்றது. மேலெழ அனுமதி தரும் சொல்லை, அனுமதி தரும் வேளையிலும் அதைத் திரும்பப் பெறும் வேளையிலும் அன்றி வேறு பேச்சிலே பயன்படுத்தலாகாது என்பது ஒன்று. சிறியவர் ஐயம் எழுப்பினால் பெரியவர் நின்று கேட்கவேண்டும் என்பது மற்றொன்று. அதைத் தனிப் பயிற்சியாகவே இன்று கற்றுக்கொடுக்கின்றனர்.

அன்பர்களே! இந்த இடத்திலேதான் ஓடுபாதை நம் சேரிக்குள் வந்து சேர்கின்றது.

நம் பாட்டன்மார் எப்படி வளர்க்கப்பட்டார்கள்? 'சொன்னதைச் செய், திருப்பிக் கேட்காதே' என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே பாடம். கைகட்டி வாய்பொத்தி நிற்பதே மரியாதை என்று பழக்கப்பட்டார்கள். புரியாவிட்டாலும் தலையசைக்கவேண்டும். தவறு என்று தெரிந்தாலும் சொல்லக்கூடாது. அந்த நிலையிலிருந்து நாம் சட்டத்தால் விடுபட்டுவிட்டோம். ஆயினும் பழக்கத்தால் விடுபட்டோமா? வகுப்பிலே ஆசிரியர் 'புரிந்ததா' என்று கேட்கும்போது, புரியாமலே 'புரிந்தது ஐயா' என்று சொல்லும் பிள்ளை இன்னும் நம் வீட்டில் இருக்கின்றானா, இல்லையா? மருத்துவர் எழுதிய மருந்தை எந்த வேளைக்கு உண்ணவேண்டும் என்று திருப்பிக் கேட்காமல் வந்துவிடும் தாய் இன்னும் இருக்கின்றாளா, இல்லையா? நம் மாவட்டத்துப் பட்டாசு ஆலையிலே, கலவை அறையில் முறைகேடு ஒன்றைக் கண்டும், வாய் திறந்தால் நாளைக்கு வேலை இல்லை என்று அஞ்சி அடங்கிப்போகும் தொழிலாளி இன்னும் இருக்கின்றானா, இல்லையா? அங்கே அந்த மௌனம் சம்பளத்தைக் காப்பாற்றலாம், உயிரைக் காப்பாற்றாது.

ஓடுபாதை கேட்கும் ஒழுக்கம் இதற்கு நேர் எதிரானது. வாய் திறந்து திருப்பிச் சொல்லாதவர் அங்கே காலடி வைக்க முடியாது. கேள்வி கேட்பவரை அங்கே அடங்காதவர் என்று எவரும் ஏசுவதில்லை, பொறுப்புள்ளவர் என்றே மதிக்கின்றனர்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பாதை என்ற சொல்லுக்கு நம் வரலாற்றிலே ஒரு தனிக் கசப்பு உண்டு. பொதுச் சாலையிலே நடக்கவும் நமக்கு உரிமை கேட்கவேண்டியிருந்தது. 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் செல்லத் தடை இல்லை என்று 1925-இல் அரசு அறிவித்தது. நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று நமக்கு அடைக்கப்பட்டிருந்த பாதைகள் பிறப்பைக் கேட்டு அடைக்கப்பட்டவை. ஓடுபாதையும் அடைக்கப்பட்ட பாதைதான். ஆனால் அது எல்லாருக்கும் ஒன்றுபோல் அடைக்கப்பட்டது, அனுமதி கிடைத்தால் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறப்பது. அது கேட்பதெல்லாம் மூன்றே. நீ யார், எங்கே நிற்கின்றாய், எங்கே போகவேண்டும்? 'நீ யார்' என்பதற்கு அங்கே வண்டியின் பெயரே விடை. குலத்தின் பெயரை எவரும் கேட்பதில்லை. ஒரு தடை நியாயமானதா, அநியாயமானதா என்று அறிய இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை. எல்லாருடைய உயிரையும் காக்க எல்லாரையும் ஒன்றுபோல் நிறுத்துவது நியாயமான தடை. சிலருடைய பெருமையைக் காக்கச் சிலரை மட்டும் நிறுத்துவது அநியாயமான தடை. முன்னதற்கு நாம் அனைவரினும் முதலாவதாகக் கட்டுப்படுவோம். பின்னதற்கு ஒருபோதும் கட்டுப்படமாட்டோம்.

இனி நடைமுறைக்கு வருவோம். மதுரை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 7,500 அடி. அதை 12,500 அடியாக நீட்டும் திட்டம் வகுக்கப்பட்டது. நீட்டும் வழியிலே சுற்றுச்சாலை குறுக்கிடுவதால், சாலையை ஓடுபாதைக்கு அடியிலே சுரங்கவழியாகக் கொண்டு செல்லும் யோசனையும் எழுந்தது. ஔரங்காபாத்தை நினைத்தால் இதன் அருமை விளங்கும். சாலையும் ஓடுபாதையும் ஒன்றையொன்று முட்டாமல் மேலும் கீழுமாகப் பிரிவது நல்லது. ஆனால் ஓடுபாதை நீளும்போது யாருடைய நிலம் சுருங்குகின்றது என்பதையும் பார்க்கவேண்டும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சின்ன உடைப்புக் கிராமத்து மக்கள், மாற்று இடமும் மறுவாழ்வும் தராமல் தங்களை வெளியேற்றக்கூடாது என்று போராடியதை நாடு அறியும். நிலம் கொடுக்கின்ற மக்களின் பிள்ளைகள் அந்த நிலையத்திலே எந்த இடத்தில் நிற்கப்போகின்றார்கள்? புல்வெட்டும் கூலியாக மட்டுமா? புல்வெட்டுவதும் உயிர்காக்கும் தொழிலே என்று முன்னரே சொன்னோம். அதனை இழிவாகக் கருதவில்லை. ஆனால் கோபுரத்தின் நாற்காலியும் அவர்களுக்கு எட்டவேண்டும் என்கின்றோம்.

அது எட்டாத நாற்காலி அன்று. 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைந்த இந்திய விமான நிலையங்கள் ஆணையம்தான் இந்நாட்டின் கட்டுப்பாட்டு அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கின்றது. இயற்பியலும் கணிதமும் பாடங்களாகக் கொண்ட அறிவியல் பட்டம், அல்லது பொறியியல் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு 27. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மேலும் 5 ஆண்டுச் சலுகை உண்டு. தேர்வுக்குப் பின் குரல் சோதனையும், உடல், மனநலச் சோதனைகளும் உண்டு. தேர்ந்தவர்களுக்கு அலகாபாத் என்று நாம் அறிந்த பிரயாக்ராஜ் முதலிய இடங்களிலுள்ள கல்லூரிகளில் பயிற்சி அளிக்கப்படும். அதே ஆணையத்தின் தீயணைப்புப் பிரிவிலே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு ஓட்டுநர் உரிமம் பெற்றோருக்கும் இடமுண்டு. விதிகள் காலந்தோறும் மாறக்கூடியவை ஆதலின், விளம்பரம் வரும்போது முழுதும் படித்துப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

இவ்வளவும் எதிலே தொடங்குகின்றது தெரியுமா? பதினோராம் வகுப்பிலே பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நாளிலே தொடங்குகின்றது. 'கணக்கு நமக்கு வராது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை நம் பிள்ளைகள், குறிப்பாக நம் பெண்பிள்ளைகள், கைவிட்டுவிட்டால், அந்தக் கோபுரத்துக் கதவு அன்றைக்கே அடைபட்டுவிடுகின்றது. அடைபட்டது அவர்களுக்கே தெரியாமல் அடைபடுகின்றது.

ஆகவே இக்கல்விக் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் கழகத்தார் ஒருவர் சென்று, பாடப்பிரிவைப் பற்றிப் பெற்றோருடன் அமர்ந்து பேசவேண்டும். இரண்டாவது, மாலை வகுப்புகளிலே ஆங்கிலத்தைப் படிக்கவும் எழுதவும் மட்டுமின்றி, வாய்விட்டுப் பேசவும், கேட்டதைத் திருப்பிச் சொல்லவும் பழக்கவேண்டும். வானொலியின் அடுத்த முனையிலே இருப்பவருக்கு நம் கையெழுத்து தெரியாது, குரல் மட்டுமே தெரியும். மூன்றாவது, நம் வகுப்பறைகளிலே புதிய வழக்கம் ஒன்றைத் தொடங்கவேண்டும். 'புரிந்ததா' என்று ஆசிரியர் கேட்பதை நிறுத்திவிட்டு, 'நான் சொன்னதை நீ திருப்பிச் சொல்' என்று கேட்கவேண்டும். மாணவன் சொல்லும்போது அதைக் கவனமாகச் செவிமடுக்கவேண்டும். 'மறுபடி சொல்லுங்கள் ஐயா' என்று எழுந்து கேட்கின்ற பிள்ளையை, வகுப்பின் நேரத்தை வீணடித்தவனாக எண்ணாமல், வகுப்பையே காத்தவனாக எண்ணவேண்டும்.

இக்கழகத்தைத் தொடங்கியபோது, எழுத்து அறியாதவர்க்கு எழுத்து அறிவிப்பதே பெரும்பணியாக இருந்தது. அப்பணி நிறைவேறியுள்ளது என்பதற்கு இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் பட்டதாரிகளே சான்று. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணி, எழுத்து அறிந்தவர்க்குக் குரல் அளிப்பதாகும். 'நில்' என்றால் எதற்கு என்று அறிந்து நிற்கவும், 'போ' என்றால் எங்கே என்று கேட்டுப் போகவும், தவறு கண்டால் யாராயினும் 'நிறுத்துங்கள்' என்று உரத்துச் சொல்லவும் வல்ல ஒரு தலைமுறையை இந்தக் கரிசல்மண் ஈன்று தரட்டும். அத்தலைமுறையில் ஒருவர் மதுரைக் கோபுரத்திலே அமரட்டும். இன்னொருவர் கீழே ஜீப்பிலே அமரட்டும். இருவரும் ஒருவர் சொல்லை ஒருவர் மதிக்கட்டும்.